ஒரு பூவுக்கு ஒரு இலக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜனவரி 1 அன்று புது டைரியின் முதல் பக்கத்தில் பத்து தீர்மானம் எழுதி, பொங்கல் கழியும் முன்பே அதை மூடி வைத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அப்படி மூடி வைத்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்தேன். இரண்டு வருடம் பணம் கட்டினேன், ஒரு தாள்கூட எழுதவில்லை. அப்பாவிடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “மக்களே, வருசத்த நம்பி எவனாவது வெதப்பானா? பூவப் பாத்துல்லா வெதைக்கணும்” என்றார்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கிவிடும். குமரி மாவட்டத்தில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னி மாதத்தை, அதாவது புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதத்தை, அதாவது மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணையைத் திறந்ததும் முதல் பூவுக்கு வேலை சூடு பிடிக்கும். அதை அறுத்த கையோடு அடுத்த பூவுக்கு வயலை ஒருக்குவார்கள். ஒரு பூ கெட்டுப்போனால் அடுத்த பூ இருக்கிறது. நாலைந்து மாதத்துக்கு மேல் எதையும் நீட்டி யோசிக்கும் பழக்கம் அப்பாவுக்கு இல்லை.

அன்று பட்டப்படிப்பை மறந்துவிட்டு, ஒரு பூவுக்கு மூன்று தாள் என்று கணக்குப் போட்டேன். ஐந்து பூவில் படிப்பு முடிந்தது. அப்புறம் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கும், கூட வேலை பார்ப்பவர்களுக்கும் இதே முறையைச் சொல்லிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

இதற்கு ஆராய்ச்சியிலும் துணை உண்டு. ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரிஸ் என்ற மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், புது வாரம், புது மாதம், பிறந்தநாள் மாதிரி ஒரு புதுத் தொடக்கம் வரும்போது மக்கள் நல்ல பழக்கங்களை அதிகமாகத் தொடங்குகிறார்கள் என்று கண்டார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தொடக்கத்தை வைத்துக்கொண்டால், அது தவறிய பிறகு பதினொரு மாதம் சும்மா போகும்.

முதல் படி: ஒன்றை மட்டும் எடுங்கள்

ஒரு தாளில் உங்களுக்கு வேண்டியதை எல்லாம் எழுதுங்கள். வேலை, உடம்பு, கடன், படிப்பு, வீடு, எதுவானாலும் சரி. எழுதிவிட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது முடிந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவே முடியாது என்றாலும் இதைச் செய்வேனா?

நம் ஊரில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். பக்கத்து வீட்டுப் பையன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், சித்தி மகள் நர்ஸ் ஆகிவிட்டாள், ஆட்கள் என்ன சொல்லும் என்ற பேச்சிலேயே பாதி இலக்குகள் பிறக்கின்றன. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: மனிதன் தன் விருப்பத்தால் எடுத்துக்கொண்ட வேலை நீடிக்கும், வெட்கத்துக்கும் வற்புறுத்தலுக்கும் பயந்து எடுத்த வேலை, வற்புறுத்தும் ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் நின்றுபோகும்.

ஆனால் எல்லாமே விருப்பத்தால் செய்வது இல்லை. கடனை அடைக்க யாருக்கும் ஆசை வராது. அங்கே காரணத்தை உங்களுடையதாக மாற்றி எழுதுங்கள். ‘கடனை அடைக்க வேண்டும்’ என்பதைவிட, ‘அடகில் இருக்கும் அம்மாவின் வளையலைத் திருப்ப வேண்டும்’ என்று எழுதினால் அது உங்களை எழுப்பும்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சட்டும். மற்றதைக் கிழித்துப் போட வேண்டாம், அடுத்த பூவுக்கு வைத்திருங்கள். இரண்டை எடுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது படி: ஆசையை அளவாக மாற்றுங்கள்

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இருவரின் ஆராய்ச்சி, இலக்கு பற்றிய எல்லாப் பேச்சுக்கும் அடித்தளம். ‘முடிந்த அளவு செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான அளவு ஒன்றைப் பெற்றவர்கள் அதிகம் செய்தார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது.

ஒரு உதாரணம். எங்கள் தெருவில் ஒரு தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படித்தாள். இலக்கு என்ன என்று கேட்டேன். “பாஸ் ஆகணும் அக்கா” என்றாள். எத்தனை இடம் அறிவிக்கிறார்கள், எத்தனை பேர் எழுதுகிறார்கள், கட்-ஆஃப் எங்கே நிற்கிறது, இதெல்லாம் அவள் கையில் இல்லை. கையில் இல்லாததை இலக்காக வைத்தால் பயம்தான் வளரும். அதனால் தேர்வைப் பிரித்துப் பார்த்தோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாளை மணி பார்த்து எழுத வைத்தேன். 112 சரி. தமிழ் நன்றாக இருந்தது, கணக்கில் 25-க்கு 7தான்.

அன்று அவள் எழுதிய இலக்கு: ‘இந்தப் பூ முடியும்போது, புதிதாக எடுக்கும் பழைய வினாத்தாளில் 150 சரி. கணக்கில் 20.’ சதவீதம், தனிவட்டி, மீ.பொ.ம. இவற்றைத் தினமும் பழகினால் கணக்கு ஏறும் என்பது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். பொது அறிவு கடல் மாதிரி விரியும், கணக்குக்குக் கரை உண்டு. அதனால் அங்கிருந்து தொடங்கினாள்.

உடம்புக்கும் அப்படித்தான். ‘சுகர் குறையணும்’ என்று எழுதாதீர்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் நடை என்று எழுதினால் கணக்கு சரியாகிவிடும். மருந்தில் கை வைப்பதை மருத்துவரிடம் விடுங்கள். சேமிப்பு என்றால் தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். தொகை சின்னதாக இருந்தாலும் தேதி இருக்கிறது, அதுதான் வேண்டும்.

முற்றிலும் புதிய ஒன்றைக் கற்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் முதல் நாளே ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். ஏ1, ஏ2, பி1 எல்லாம் தாண்டித்தான் அது. முதல் பூவுக்கு மதிப்பெண்ணை இலக்காக வைக்காமல், ‘ஏ1 பாடம் முழுவதும் முடித்து, ஒவ்வொரு பாடத்தையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்’ என்று வையுங்கள். தெரியாத வேலையில் மதிப்பெண்ணைத் துரத்தினால் கற்பது குறையும்.

மூன்றாவது படி: போகப்போகும் நாட்களை முதலில் கழியுங்கள்

தினசரி காலண்டரை எடுங்கள். படிக்கப்போகும் நாளைக் குறிக்கும் முன், படிக்க முடியாத நாட்களைக் குறியுங்கள். கும்பப்பூ காலத்தில் தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், பொங்கல். அதற்குள் சொந்தத்தில் ஒரு கல்யாணமாவது வரும். கன்னிப்பூவில் பள்ளிக்கூடம் திறப்பு, ஆனி ஆடிச் சாரல், ஓணம். இதையெல்லாம் கழித்தால் நான் இருபது வாரம் என்று நினைத்தது பதினைந்து வாரமாகச் சுருங்கியது. அந்தப் பதினைந்துதான் உண்மையான கணக்கு.

டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று மதிப்பிடும்போது மனிதர்கள் குறைத்தே சொல்வார்கள், முன்பு தாமதமானது நன்றாகத் தெரிந்திருந்தாலும். முதல் வாரம் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று எழுதி, மீதி வாரங்களுக்கு அந்த அளவையே வையுங்கள். நான் ஒரு பாடத்துக்கு இரண்டு நாள் என்று நினைத்தேன், நாலு நாள் ஆனது. மூன்று தாளுக்கு மேல் எடுக்காமல் தப்பித்தது அதனால்தான்.

சில பேருக்கு வருடத்திலேயே நீளமான ஒரு இடைவெளி கிடைக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகும் தம்பிமாருக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வருமானம் இல்லாத கஷ்ட காலம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் எடுப்பது, விட்டுப்போன பத்தாம் வகுப்புப் பாடத்தை எழுதுவது மாதிரி தொடர்ந்து உட்கார வேண்டிய வேலைக்கு அதைவிட நல்ல நாட்கள் வாய்ப்பதில்லை.

நான்காவது படி: நேரத்தை ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

‘தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்’ என்பது பலிக்காது. எப்போது, எங்கே என்று அதில் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் இதை அழகாக விளக்கினார்: ‘இது நடந்ததும், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள், வெறுமனே செய்ய நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். அந்த நேரம் வந்ததும் யோசிக்க வேண்டிய தேவை இல்லை, கை தானாகப் போகும்.

என்னுடைய முடிச்சு இது: ராத்திரி மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும், அடுக்களை மேசையிலேயே உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். மாடிக்குப் போவேன் என்று வைத்திருந்தால் நடந்திருக்காது, மாடியில் கட்டில் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி தினமும் வடசேரியில் பஸ் ஏறுவாள். சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் எடுத்ததும் ஜெர்மன் ஒலிப்பாடத்தைப் போட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிவிடுவாள். வேறு நேரத்தில் ஒரு நாளும் படித்ததில்லை என்கிறாள். ஏ1 முடித்துவிட்டாள்.

ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையைப் பிடியுங்கள். கடிகார மணியைப் பிடித்தால் விருந்தாளி வந்ததும் மணி தாண்டிவிடும். சட்டி கழுவும் வேலை பத்து மணியானாலும் நடந்தே தீரும். போனை அடுத்த அறையில் வையுங்கள். புத்தகத்தை நேற்று நிறுத்திய பக்கத்தில் விரித்து வையுங்கள்.

ஐந்தாவது படி: மழைநாளுக்கு ஒரு அளவு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குள் போகாமல் மரத்தில் வழிந்து வீணாகும். நமக்கோ தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. அதனால் மழைக்கு முன்பே வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவார்கள். மழை வந்த பிறகு பிளாஸ்டிக் தேடி ஓடுவது இல்லை.

ஊக்கம் பற்றி நான் கற்ற முக்கியமான விஷயம் இதுதான். மனசு வராத நாள் கண்டிப்பாக வரும். அது குறை இல்லை, பருவம். திட்டம் போடுவதே அந்த நாளுக்காகத்தான். மனசு நன்றாக இருக்கும் நாளில் திட்டம் இல்லாமலே படித்துவிடலாமே.

கேப்ரியல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் சொல்லும் முறை இங்கே உதவும். ஆசை நிறைவேறிய காட்சியை மட்டும் நினைத்து இனிப்பதால் வேலை நடக்காது என்கிறார். காட்சியை நினைத்த கையோடு, அதற்குக் குறுக்கே உங்களுக்குள் நிற்பது எது என்றும் நினைக்க வேண்டும், பிறகு அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும். நான் மூன்று தடைகளை எழுதினேன். பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுக்கு ஆள் வருவது. ஆபீசில் மாதக் கடைசி. மூன்றுக்கும் பதில் ஒன்றே: அன்று இரண்டு பக்கம், நின்றுகொண்டாவது. இதுதான் என் மழைநாள் அளவு. குரூப் 4 தங்கைக்கு ஐந்து கணக்கு. நடப்பவர்களுக்கு வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம். நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் காய்ச்சல் நாளிலும் நடக்கும்.

அதுவும் முடியாமல் ஒரு நாள் விட்டுப் போனால்? லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது, 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது (12 வாரத்தைத் தாண்டியதை அவர்கள் கணித்துச் சொன்னார்கள்). 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, 22-ஆம் நாள் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதனால் ஒரு நாள் போனால் போகட்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது என்பது மட்டும் எங்கள் வீட்டுச் சட்டம்.

விட்ட நாளுக்கும் சேர்த்து மறுநாள் இரண்டு மடங்கு செய்யவும் கூடாது. ரப்பரில் விட்ட வெட்டை ஈடுகட்ட ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால், பட்டை காய்ந்து அந்த மரம் பால் தருவதையே நிறுத்திவிடும். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரப் பாடத்தை ஒன்றாகப் படித்தேன். அதற்கு அடுத்த எட்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

ஆறாவது படி: குறித்து வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். செய்த நாளுக்கு ஒரு கோடு, மழைநாள் அளவு செய்த நாளுக்குப் பாதிக் கோடு, விட்ட நாளுக்குப் புள்ளி. பாதிக் கோட்டையும் கோடாகவே எண்ணுங்கள். ஞாயிறு சாயங்காலம் சாயா குடிக்கும்போது கால் மணி நேரம் அதைப் புரட்டிப் பார்த்து, அடுத்த வாரம் எந்த நாள் மழைநாள் ஆகும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுங்கள். எடையோ மதிப்பெண்ணோ தினமும் பார்க்க வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

நடுவில் வரும் சோர்வும், கூட வரும் ஆளும்

தொடக்கத்தில் புதுசு என்ற உற்சாகம் இருக்கும். முடிவில் கரை தெரியும். கஷ்டம் நடுவில்தான். ஏழாவது, எட்டாவது வாரம் எல்லோரும் என்னிடம் வந்து “அக்கா, எனக்கு இது சரிப்படாது” என்பார்கள்.

என் தம்பி மூன்று முறை சிவாலய ஓட்டம் ஓடியிருக்கிறான். மகாசிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலைக் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று 12 சிவன் கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் பனையோலை விசிறியோடு, “கோவிந்தா கோபாலா” என்று கூப்பிட்டுக்கொண்டே. எப்படி ஓடுகிறாய் என்று கேட்டபோது அவன் சொன்னது: “முஞ்சிறையில நின்னுட்டு நட்டாலத்த நெனச்சா ஒரு அடி எடுத்து வைக்க முடியாதுக்கா. திக்குறிச்சிய மட்டும் நெனைக்கணும். அங்க போயி சாமி கும்புட்டு, குடிக்க எதாவது குடுப்பாவ, குடிச்சிட்டு அடுத்த கோயில நெனைக்கணும்.”

நடுவில் சோர்ந்தால் இதையே செய்யுங்கள். மீதி இருக்கும் எட்டு வாரத்தைப் பார்க்காமல், அடுத்த பத்து நாளில் தொடக்கூடிய ஒரு இடத்தை வையுங்கள். தொட்டதும் நிஜமாகவே ஒரு நாள் ஓய்வெடுங்கள், பிடித்ததைச் சாப்பிடுங்கள். எனக்கு அது ஒரு சீப்பு மட்டிப்பழமும் தொந்தரவில்லாத மதியத் தூக்கமும்.

இன்னொன்றும் அவன் சொன்னான். தனியாக ஓடியவர்கள் பாதியில் நிற்பதையும், கூட்டமாக ஓடியவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதையும் பார்த்திருக்கிறானாம். உங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். நான் இதைப் படிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிப் பாராட்டு வாங்கிவிட்டால், படித்து முடித்த திருப்தியில் பாதி அப்போதே கிடைத்துவிடும். திட்டாத, அதே சமயம் விசாரிக்க மறக்காத ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் அந்த வாரக் கோடுகளை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். எனக்கு அந்த ஆள் என் மைனி. “ரெண்டு புள்ளி இருக்கே, என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே பல ராத்திரி புத்தகத்தைத் திறந்திருக்கிறேன்.

பூ முடியும்போது

அறுப்பு முடிந்ததும் ஒரு வாரம் விடுங்கள். பிறகு நோட்டை எடுத்து மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இதையே தொடரலாம், அளவைக் குறைக்கலாம், இல்லை விட்டுவிடலாம். விடுவதும் மதிப்பான முடிவுதான். கோடுகள் நிறைய இருந்தும் மனசு ஒட்டவில்லை என்றால் அந்த இலக்கு உங்களுடையது இல்லை. கோடுகளே இல்லை என்றால் இலக்கைக் குறை சொல்லும் முன் முடிச்சை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நேரம்தான் தப்பாக இருக்கும். குரூப் 4 தங்கை முதல் பூ முடிவில் 141தான் எடுத்தாள், கணக்கில் 19. அவள் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பூவுக்குப் பொது அறிவைச் சேர்த்துக்கொண்டாள்.

இதை வாசிக்கும்போது பூ பாதி கடந்திருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்காதீர்கள். மீதி வாரங்களை எண்ணி, அதற்கேற்ற சின்ன அளவை வையுங்கள்.

இந்தக் கும்பப்பூவுக்கு என் இலக்கு மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பது. என் வீட்டுக்காரரின் குடும்பம் விளவங்கோடு பக்கம். அவர்கள் வீட்டுப் பழைய நிலப்பத்திரங்கள் திருவிதாங்கூர் காலத்தவை, எல்லாம் மலையாளத்தில் இருக்கின்றன. தாத்தா கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரத்தை யார் துணையும் இல்லாமல் முழுதாக வாசிக்க வேண்டும், அதுதான் அளவு. இப்போது ஆறாவது வாரம். 31 கோடு, 7 பாதிக் கோடு, 4 புள்ளி. நேற்று ராத்திரி மூன்று வரி தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டேன். நாலாவது வரியில் ஒரு சொல் எல்லையைக் குறிக்கிறதா, ஆள் பெயரா என்று விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருகிறார், அவரிடம் கேட்க வேண்டும்.